குமரி என்னும் முற்றத்து மூலிகை: சோற்றுக்கற்றாழையின் வரலாறு

நாடோறும் கண்ணிற் படும் பொருள்களின் வரலாற்றையே நாம் மிகக் குறைவாக அறிந்திருக்கின்றோம். மன்னர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் மாணவர் நாவில் நிற்கின்றன. ஆனால் அம்மன்னர் காலத்து மக்கள் நோயுற்றபோது எதனை அரைத்துப் பூசினர், எதனைக் காய்ச்சிக் குடித்தனர், அப்பொருள் அவர்க்கு எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் பாடநூல்களில் இடம் பெறுவதில்லை. அத்தகைய பொருள்களுள் ஒன்று சோற்றுக்கற்றாழை. யாழ்ப்பாணத்து வளவுகளிற் கிணற்றடியிலும் வேலியோரத்திலும் உடைந்த பானையிலும் வளர்ந்து நிற்பதும், இக்காலத்தில் நகரத்து மாடி வீடுகளின் சாளரங்களிற் சிறு சாடிகளில் வைத்து வளர்க்கப்படுவதும் இச்செடியே.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பிலே பண்டைய கடல் வாணிகம் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், கற்றாழை எங்கடை நாட்டுச் செடியோ, வெளியிலிருந்து வந்ததோ?” என்று வினவினான். “நம் நாட்டுச் செடியே, ஐயாயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர் அதனை மருந்தாகக் கையாண்டு வந்தனர்” என்று யான் தயக்கமின்றி விடையிறுத்தேன். அன்று மாலை வீடு திரும்பிய பின் அவ்விடை என் நெஞ்சை உறுத்தியது. ஐயாயிரம் ஆண்டு என்பதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் யாது? வெளிவாரிப் பட்டத்துக்கு வரலாறு பயின்ற காலத்தில், ஆதாரம் முன்னும் முடிவு பின்னும் வரவேண்டும் என்று கற்றேனன்றோ? அம்மாணவனுக்கு யான் கொடுக்கக் கடமைப்பட்ட திருத்திய விடையே இக்கட்டுரை.

பெயர்கள் கூறும் செய்தி

எழுத்துச் சான்று குறைந்தவிடத்துச் சொற்களே சான்றாகும். இச்செடிக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை முதலில் நோக்குவோம். கற்றாழை என்பது கல் என்பதும் தாழை என்பதும் புணர்ந்து அமைந்த சொல் எனக் கொள்ளலாம். நெய்தல் நிலத்துத் தாழையின் மடல் போல நீண்டு, விளிம்பில் முள்ளுடைய இலைகளைக் கொண்டு, கற்பாங்கான வறண்ட நிலத்திலும் வளர்வதால் இப்பெயர் பொருத்தமே. முன்னரே அறிந்த ஒரு செடியின் பெயரை ஒப்புமை கருதி மற்றொன்றுக்கு இடுவது மொழிகளில் இயல்பு. இலையின் உள்ளே சோறு போன்ற வெண்மையான பசை இருத்தலாற் சோற்றுக்கற்றாழை எனப்பட்டது.

இதே ஒப்புமை பின்னும் தொடர்ந்தது. மெக்சிக்கோ நாட்டுக்குரிய பெருஞ்செடி ஒன்று, கொலம்பசு 1492இல் அமெரிக்கக் கரையை அடைந்த பின்னரே பழைய உலகிற்கு வந்தது. அதனை நம்மவர் ஆனைக்கற்றாழை என்றனர். அது தாவர இனத்தால் வேறானது. சோற்றுக்கற்றாழைக்குரிய குணமும் அதற்கு இல்லை. ஆகவே கற்றாழை என்னும் பெயர் ஒன்றை மாத்திரம் கொண்டு செடி ஒன்றே எனத் துணிதல் தவறாகும்.

வடமொழி மருத்துவ நூலார் இதனைக் குமாரி என்றும், கன்னியா என்றும், கிருககன்னியா என்றும் வழங்கினர். தமிழ் மருத்துவர் குமரி, கன்னி என்றனர். சிங்களத்தில் கோமாரிகா என்பதும் இவ்வழிப் பிறந்ததே. கிருககன்னியா என்பதற்கு இல்லத்துக் கன்னி என்பது பொருள். காட்டில் தேடிக் கொணரும் மூலிகையாகவன்றி, வீட்டோடு வைத்து வளர்க்கும் செடியாகவே இதனை நூலார் அறிந்திருந்தனர் என்பதை இப்பெயர் தெளிவாகக் காட்டுகின்றது. வெட்டினும் வாடாது என்றும் இளமையோடு நிற்றலானும், மகளிர்க்குரிய நோய்களில் மிகுதியும் பயன்பட்டமையானும் குமரி என்னும் பெயர் பொருந்துவதாயிற்று என்பர்.

இலையை வெட்டும்போது வடியும் மஞ்சள் நிறக் கசப்பு நீரைக் காய்ச்சி இறுக்கிய கரிய கட்டிக்குக் கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் இரு பெயர்கள் உண்டு. போளம் என்பது அரபு நாட்டிலும் ஆபிரிக்கக் கரையிலும் விளையும் ஒரு மரப்பிசின். அதன் தோற்றத்தோடு ஒப்பிட்டே இது கரியபோளம் எனப்பட்டது. மூசாம்பரம் என்பதோ முசப்பர் என்னும் அரபுச் சொல்லின் திரிபு. அதன் அடி ஸப்ர். கற்றாழை என்றும் பொறுமை என்றும் அவ்வடியிலிருந்து இருபொருள் தோன்றும். முற்றத்துச் செடிக்குத் தமிழ்ப் பெயரும், கடைச் சரக்குக்கு அரபுப் பெயரும் வழங்குவது கருதற்பாலது. செடி நம் வளவில் நின்றபோதும், சரக்கு கடல் வழியே வந்து இறங்கியது என்பதற்கு இஃது ஓர் அடையாளம்.

கடல் வாணிகமும் சொக்கோத்திராத் தீவும்

இனி எழுத்துச் சான்றுகளுக்கு வருவோம். எகிப்தியரது எபர்சுப் பப்பிரசு என்னும் மருத்துவச் சுவடி ஏறத்தாழக் கி. மு. 1550ஆம் ஆண்டினது. அதிற் கற்றாழை கூறப்பட்டுள்ளதென்று பலரும் எழுதுவர். ஆயினும் அச்சுவடியில் வரும் செடிப் பெயர்கள் பலவற்றை இன்ன செடியென அறுதியிடுதல் அரிது. கிளியோப்பாத்திரா அரசி தன் மேனி அழகுக்கு இதனைப் பூசினாள் என்பது வணிக விளம்பரங்கள் பரப்பிய கதையேயன்றி வரலாறன்று.

ஐயமற்ற சான்று கி. பி. முதலாம் நூற்றாண்டிற் கிடைக்கின்றது. கிரேக்க மருத்துவர் தியோசுக்கோரிதீசு தம் மருந்துப் பொருள் நூலிற் கற்றாழையின் தோற்றத்தையும் பயனையும் விரித்துரைத்தார். பேதியாகவும், புண் ஆற்றவும், மூலநோய்க்கும், கண் நோய்க்கும் அதனை அவர் விதித்தார். அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகின்றது என்றும் எழுதினார். அதே நூற்றாண்டில் வாழ்ந்த உரோமர் பிளினியும் சிறந்த சரக்கு இந்தியாவிலிருந்து வருவதென்றும், ஆசிய மாகாணத்திலும் இச்செடி விளைவதாயினும் அங்குப் பச்சை இலையைப் புண்ணுக்கு இடுதல் மாத்திரமே வழக்கம் என்றும் குறித்தார்.

இவ்விடத்து அவசரப்பட்டு, “பார்த்தீர்களா, நம் நாட்டுச் செடியே” என்று முடிவு கட்டலாகாது. உரோமர் இந்தியா என்றபோது செங்கடலுக்கு அப்பாலுள்ள வாணிக உலகம் முழுவதையும் பல வேளைகளில் அச்சொல்லால் அடக்கினர். அதே காலத்தில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய எரித்திரியக் கடற் செலவு நூல், தென் அரபுக் கரையிலுள்ள கானே என்னும் துறையிலிருந்து சாம்பிராணியோடு கற்றாழைச் சரக்கும் ஏற்றுமதியானதாகத் தெளிவாகக் கூறுகின்றது. சொக்கோத்திராத் தீவில் அரேபியரும் இந்தியரும் சில கிரேக்கரும் வாணிகத்தின் பொருட்டுக் குடியேறியிருந்தனர் என்பதும் அந்நூலிலேயே உண்டு.

இக்கூற்றை உறுதிப்படுத்தும் சான்று நம் காலத்திலேயே வெளிப்பட்டது. சொக்கோத்திராவிலுள்ள ஹொக் என்னும் பெருங்குகையில் மாலுமிகள் எழுதிவைத்த ஏறத்தாழ இருநூறு எழுத்துக்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராயப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை இந்தியப் பிராமி எழுத்தில் அமைந்தவை, கி. பி. 2ஆம் நூற்றாண்டு முதல் 5ஆம் நூற்றாண்டு வரையிலானவை. கற்றாழைச் சரக்குக்குப் பேர்போன அத்தீவில் இந்திய மாலுமிகள் வந்து தங்கினர் என்பதற்கு இதனினும் உறுதியான சான்று வேண்டுவதில்லை.

சொக்கோத்திராவைப் பற்றிய மற்றொரு கதையும் உண்டு. தம் ஆசிரியர் அரிசுத்தோத்தில் கூறிய அறிவுரைப்படி, போர்வீரரின் புண்ணை ஆற்றும் கற்றாழைக்காகவே அலெக்சாந்தர் அத்தீவைக் கைப்பற்றிக் கிரேக்கரைக் குடியேற்றினார் என்பது அக்கதை. இதனைக் கூறியவர் மசூதி முதலிய அரபு நூலாசிரியர். மசூதி இறந்தது கி. பி. 956இல், அலெக்சாந்தர் இறந்தது கி. மு. 323இல். இடைப்பட்ட காலம் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல். அலெக்சாந்தர் வரலாற்றை விரிவாக எழுதிய அரியன் இப்படையெடுப்பைக் குறிப்பிடவில்லை. எனவே இக்கதை அலெக்சாந்தர் காலத்துக்குச் சான்றாகாது. ஆனால் பத்தாம் நூற்றாண்டிற் சொக்கோத்திராக் கற்றாழைக்கு இருந்த பெருமதிப்புக்குச் சான்றாகும். கதையைத் தள்ளிவிடாது, அஃது எக்காலத்து மனத்தைக் காட்டுகின்றது என ஆராய்தலே வரலாற்று முறை.

இங்கு இன்னொன்றும் நோக்கற்பாலது. சொக்கோத்திராவில் விளைவது அலோ பெரியி எனத் தாவரநூலார் வழங்கும் இனம். நம் முற்றத்தில் நிற்பது அலோ வேரா என்னும் இனம். கற்றாழை இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2015இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்று, அலோ வேராவின் தாயகம் அரேபியத் தீபகற்பமே என்று காட்டியது. ஆகவே என் மாணவனுக்கு யான் முதலிற் கூறிய விடை தவறு. செடி அரபு நிலத்தது. எப்பொழுது, எவர் கையால் இந்தியக் கரைக்கும் ஈழத்துக்கும் வந்தது என ஆண்டு குறித்துச் சொல்லுதற்கில்லை. வேரோடு பிடுங்கி வைத்தாலும் மாதக்கணக்கில் வாடாத செடி மரக்கலத்தில் ஏறி வருவதற்கு எவ்விதத் தடையும் இருந்திராது.

அகிலும் அலோவும்: ஒரு பெயர் மயக்கம்

கற்றாழை வரலாற்றை எழுதுவோர் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. கிறித்தவ மறையின் யோவான் சுவிசேடத்திலே, இயேசுவின் உடலை அடக்கம் செய்யும் பொருட்டு நிக்கொதேமு என்பவர் ஏறத்தாழ நூறு இராத்தல் நறுமணப் பொருள் கொணர்ந்ததாக ஒரு செய்தி வருகின்றது. கிரேக்க மூலத்தில் அலோ என்னும் சொல் இருத்தலால், தமிழில் மொழிபெயர்த்தோர் அதனைக் கரியபோளம் என்றனர். ஆனால் கரியபோளத்திற்கு நறுமணம் இல்லை. முகத்தைச் சுளிக்க வைக்கும் கசப்பும் வாடையுமே உண்டு. ஆண்டுக் கூறப்பட்டது அகிற் கட்டையே என அறிஞர் பலர் கருதுவர். எபிரேய மறையில் வரும் அகலோத்து என்னும் சொல்லும், கிரேக்கரின் அகலோக்கன் என்னும் சொல்லும் நம் அகில் என்னும் சொல்லோடும் வடமொழி அகுரு என்பதனோடும் தொடர்புடையன என்று மொழியறிஞர் கூறுவர்.

கீழ்நாட்டு அகிலும் அரபு நாட்டுக் கற்றாழையும் ஒரே கடல்வழியில் ஒரே வணிகர் கையில் மேற்கு நோக்கிச் சென்றன. ஒலி ஒப்புமையால் ஒன்றின் பெயர் மற்றொன்றுக்கு ஏறியது. ஆகவே பண்டைய நூலொன்றில் அலோ என்னும் சொல்லைக் கண்டவுடன் கற்றாழை என எழுதிவிடுதல் பெரும் பிழைக்கு இடமாகும். மணம் கூறப்படின் அகில். கசப்பும் பேதியும் கூறப்படின் கற்றாழை எனப் பொருள் நோக்கிப் பிரித்தறிதல் வேண்டும்.

மருத்துவ நூல்களில் குமரி

நம் நாட்டு மருத்துவ நூல்களில் இதன் நிலை யாது? சரக சங்கிதை, சுசுருத சங்கிதை ஆகிய பழைய நூல்களிற் குமாரி சிறப்பிடம் பெற்றதாகக் காணோம். பிற்காலத்துச் சாரங்கதர சங்கிதையிலேயே குமாரியாசவம் என்னும் மருந்து விரிவாகக் கூறப்படுகின்றது. 16ஆம் நூற்றாண்டினதாகிய பாவப்பிரகாசம் இச்செடியின் பெயர்களையும் குணங்களையும் வரிசைப்படுத்துகின்றது. இதனை நோக்குமிடத்து, இடைக்காலத்திலேயே குமரி நம் மருத்துவத்தில் ஓங்கியது என்று கொள்ளுதல் பொருத்தமாகும்.

அதற்கு ஒரு காரணமும் புலப்படுகின்றது. இடைக்காலத்தில் இரசம், கந்தகம், இரும்பு, செம்பு முதலியவற்றை மருந்தாக்கும் இரச நூல்கள் வடநாட்டில் வளர்ந்தன. தமிழ்நாட்டிற் சித்தர் மரபு இத்துறையிற் சிறந்து விளங்கியது. உலோகங்களையும் பாடாணங்களையும் சுத்தி செய்யவும், பற்பமும் செந்தூரமும் ஆக்குமுன் கல்வத்திலிட்டு அரைக்கவும் மூலிகைச் சாறு இன்றியமையாதது. ஆண்டு முழுவதும் தட்டின்றிக் கிடைப்பதும், சாறு மிகுந்ததும், பசைத் தன்மையுடையதும் ஆகிய குமரி அத்தொழிலுக்கு மிக ஏற்றதாயிற்று. மருந்தாக மட்டுமன்றி மருந்து செய்யும் கருவியாகவும் அது பயன்பட்டது. குமரி இலேகியம், குமரி எண்ணெய் என்பன இன்றும் சித்த மருத்துவர் கையாளும் மருந்துகள்.

ஈழத்திலும் இம்மரபு வேரூன்றியிருந்தது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் ஆதரவில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் இவ்வறிவைத் தமிழ்ச் செய்யுளாற் பேணின. இவை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்களின் பெருமுயற்சியால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சேறின. அச்சேறாது பரியாரிமார் வீடுகளில் முடங்கிக் கிடந்த ஏடுகள் எத்தனையோ. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. அச்சில் ஏறியது பிழைத்தது, ஏறாதது அழிந்தது.

மேனாட்டார் கண்ணிற் கற்றாழை

போர்த்துக்கேயர் 1507இல் சொக்கோத்திராவைக் கைப்பற்றி, 1511இல் விட்டகன்றனர். கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா தா ஓர்த்தா 1563இல் அச்சிட்ட உரையாடல் நூலின் இரண்டாம் உரையாடலைக் கற்றாழைக்கே ஒதுக்கினார். 17ஆம் நூற்றாண்டில் இச்செடி மேற்கிந்தியத் தீவாகிய பார்படோசிற் பெருந்தோட்டப் பயிராகியது. அங்கிருந்து இலண்டன் சந்தைக்குச் சரக்குச் சென்றது. அரபு நிலத்துச் செடிக்கு 1768இல் மில்லர் என்பார் பார்படோசுத் தீவின் பெயரால் அலோ பார்படென்சிசு எனப் பெயரிட்டமை இதன் விளைவே. அதே ஆண்டில் ஏறத்தாழப் பத்து நாட்கள் முந்தி, பர்மன் என்பார் தம் இந்தியத் தாவர நூலில் அலோ வேரா என்ற பெயரை வெளியிட்டிருந்தமையால், முந்தியதே தாவரநூலார் வழக்கில் நிலைத்தது.

சென்னையிற் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் வைற்லோ எயின்சிலி, 1813இலும் 1826இலும் வெளியிட்ட நூல்களில் நம் மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு பதிந்தார். கற்றாழைச் சோற்றை நன்கு கழுவிப் பொரித்த படிகாரம் தூவி, மெல்லிய துணியில் முடிந்து கண் நோய்க்கு ஒற்றும் வழக்கமும் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களிற் காணப்படுகின்றது. 1864ஆம் ஆண்டுப் பிரித்தானிய மருந்து நூலிற் பார்படோசுச் சரக்கும் சொக்கோத்திராச் சரக்கும் இடம் பெற்றிருந்தன. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் காலத்தில், மேனாட்டு மருத்துவன் பெட்டியிலும் நம் பரியாரியார் பெட்டியிலும் அக்கரிய கட்டி ஒன்றே இருந்தது என்பது சுதேச வைத்தியத்தை மூடநம்பிக்கை என இகழ்வோர் நினைவிற் கொள்ளத்தக்கது.

வீட்டு வழக்கம்

நூல் வழக்கினும் பழையது வீட்டு வழக்கு. என் அம்மம்மா எழுத்தறியாதவர். கோடிப்புறத்திற் கற்றாழை மடலை வெட்டியவுடன் அதனைப் பயன்படுத்த மாட்டார். வெட்டுவாய் கீழே இருக்கச் சாய்த்து வைத்து, மஞ்சள் நீர் முற்றாக வடியும்வரை காத்திருப்பார். பின்பு தோலைச் சீவி, சோற்றை மாத்திரம் எடுத்து, ஏழு முறை தண்ணீர் மாற்றிக் கழுவுவார். ஆறு முறை போதாதா என்று யான் சிறுவனாகக் கேட்டதுண்டு. “கைப்புப் போகவேணும் மோனை, கைப்புத்தான் நஞ்சு” என்பார். கழுவிய சோற்றைப் பனங்கட்டியோடு சேர்த்து உடற்சூட்டுக்குத் தருவார். தீச்சுட்ட புண்ணுக்கு அதனையே தடவுவார். தேங்காய் எண்ணெயிற் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பார். ஆனால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் எவர் கேட்பினும் உண்ணக் கொடுக்க மாட்டார்.

வாயிலில் இதனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. கண்ணூறு படாது என்பர். இது நமக்கே உரியது என யான் எண்ணியிருந்தேன். எகிப்திய மக்களின் வாழ்க்கை முறைகளை 1836இல் எழுதிய எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர், கெய்ரோ நகரத்துப் புதுவீடுகளின் வாயிலிலும் கற்றாழையைத் தொங்கவிட்டனர் என்றும், மண்ணும் நீருமின்றி அது பல ஆண்டுகள் உயிரோடிருத்தலாற் பொறுமை எனப் பொருள்படும் பெயரைப் பெற்றதென்றும் கூறுகின்றார். கெய்ரோ வாயிலும் யாழ்ப்பாணத்து வாயிலும் ஒரே செடியை ஒரே வகையாகத் தாங்கி நின்றன. இதற்கான இயற்கைக் காரணத்தை அறிவியல் விளக்கியுள்ளது. ஏனைய செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து நீரை இழக்க, கற்றாழையோ பகலில் அவற்றை மூடி இரவிலே திறந்து காற்றை உட்கொள்கின்றது. அதனால் நீரிழப்பு மிகக் குறைவு.

புதிய ஆராய்ச்சியும் பழைய எச்சரிக்கையும்

கற்றாழை மடல் ஒன்றே எனினும் அதனுள் இருவேறு பொருள்கள் உள்ளன. தோலை அடுத்து ஓடும் மஞ்சள் நீர் ஒன்று; உள்ளிருக்கும் சோறு மற்றொன்று. மஞ்சள் நீரிலுள்ள அலோயின் என்னும் பொருளை 1851இல் எடின்பரோவைச் சேர்ந்த சிமித்துச் சகோதரர் பிரித்தெடுத்தனர். அது பெருங்குடலை அடைந்து, ஆங்குள்ள நுண்ணுயிர்களால் மாற்றமுற்றுக் கடும் பேதியை உண்டாக்கும். உள்ளிருக்கும் சோறோ ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீர். எஞ்சிய சிறு பகுதியில் அசிமன்னன் முதலிய பசைப் பொருள்கள் உள்ளன. எக்சுக் கதிராற் புண்பட்ட தோலைப் பச்சை இலையால் ஆற்றிய செய்தியை 1935இல் அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட பின்பு மேனாட்டில் இதன்பால் ஆராய்ச்சி பெருகியது.

கசப்புப் பகுதி பற்றிய செய்தி வேறு. பேதி மருந்தாக அதனைக் கடைகளில் விற்பதற்குப் போதிய பாதுகாப்புச் சான்று இல்லையென 2002இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் தீர்மானித்தது. மஞ்சள் நீர் நீக்காத முழு இலைச் சாற்றைத் தொடர்ந்து உண்ட எலிகளின் பெருங்குடலிற் புற்று உண்டாயிற்று எனப் பின்னர் அந்நாட்டில் நிகழ்ந்த சோதனைகள் காட்டின. அவற்றை ஆராய்ந்த உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், முழு இலைச் சாற்றை மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கக் கூடியவற்றின் வரிசையில் 2016இல் வெளிவந்த தன் நூலிற் சேர்த்தது. கருவுற்ற மகளிரும் சிறுவரும் அதனை உண்ணலாகாது என்பது மருத்துவர் கொள்கை.

இவற்றைப் படித்தபோது, ஏழு முறை கழுவிய அம்மம்மாவின் கைகள் என் நினைவுக்கு வந்தன. அலோயின் என்ற பெயரை அவர் கேட்டதில்லை. ஆனால் வடியவிட்டதும் கழுவியதும் அதனை நீக்குவதற்கே. பிள்ளைத்தாய்ச்சிக்கு மறுத்ததும் காரணமின்றி அன்று. மருந்தின் பெயர் மாத்திரம் மரபன்று. மருந்தை ஆக்கும் முறையும், ஆர்க்கு ஆகாது என்னும் எச்சரிக்கையும் சேர்ந்ததே மரபு.

இன்று நேர்வது யாது? பெயர் எஞ்சி, முறை மறைகின்றது. எங்கள் அயலில் ஒருவர், கைபேசியிற் கண்ட குறிப்பொன்றை நம்பி, முழு மடலையும் தோலோடு அரைத்து நாடோறும் வெறுவயிற்றிற் குடித்து வந்தார். “எங்கடை பழைய வைத்தியந்தானே, என்ன செய்யப் போகுது” என்பது அவர் கூற்று. சில நாட்களிற் கடும் வயிற்றோட்டத்தால் நீர் வற்றி வைத்தியசாலையிற் கிடந்தார். அவரை வருத்தியது பழைய வைத்தியமன்று. பழைய வைத்தியத்தின் பாதியை மறந்தமையே. பரியாரியாரைக் கேட்டிருப்பின் அவரே தடுத்திருப்பார்.

முடிவுரை

என் மாணவனுக்கு இப்பொழுது கூறக்கூடிய விடை இதுவாகும். கற்றாழை பிறந்த நிலம் அரேபியா. கடலோடிகளும் வணிகரும் அதனையும் அதன் சரக்கையும் நாடு நாடாகக் கொண்டு சென்றனர். நம் மூதாதையர் அதனை ஏற்று, இல்லத்துக் கன்னி எனப் பெயரிட்டு, முற்றத்தில் வைத்து வளர்த்து, நஞ்சையும் மருந்தையும் பிரித்தறிந்தனர். செடி வந்தது என்பதால் அறிவு நம்முடையது அன்றாகிவிடாது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதால் நம் குழம்பு பிறநாட்டுக் குழம்பாகிவிட்டதா? ஐயாயிரம் ஆண்டு எனப் பொய்ப்பெருமை பேசுவோரும், பழையன யாவும் பேதைமை எனத் தள்ளுவோரும் ஒருசேரக் காணத் தவறுவது இந்த உண்மையையே.

இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் தன்னுள் அடக்கி ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அம்மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. ஆனால் கல்லூரிகளும் சட்டங்களும் காக்க முடியாத ஒரு பகுதி உண்டு. அஃது எழுதப்படாத வீட்டறிவு. மாணவர்களே, உங்கள் வீடுகளில் அம்மம்மாவும் அப்பாச்சியும் இருப்பரேல், இன்றே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் அருகில் அமருங்கள். எந்த இலை என்று மாத்திரம் கேளாதீர். எப்படி வெட்டுவது, எத்தனை முறை கழுவுவது, யாருக்குக் கொடுக்கலாகாது என்பவற்றையும் கேட்டு, நாள் குறித்து எழுதி வையுங்கள். எழுதியதை ஆராய்ந்து ஏற்பதும் தள்ளுவதும் பின்னர்ச் செய்யத்தகும். எழுதாது விடின் ஆராய்வதற்கே ஒன்றும் எஞ்சாது.